சுவரும் ஓர் ஆசானே

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம் பாட்டிமார் சொல்லும் பழமொழி. டென்னிஸ் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி வேறில்லை. ஆனால் அந்த அடி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? ஓங்கி அடிப்பதே ஆட்டம் என்று மாணவியர் நினைக்கின்றனர். விலையுயர்ந்த மட்டையும் பெங்களூர்ப் பயிற்சியும் இல்லாமல் ஒன்றும் நடவாது என்று பெற்றோர் நினைக்கின்றனர். இரண்டும் சரியன்று என்பது என் கருத்து. சரியான அடியை மெதுவாக, நாள்தோறும் அடித்துப் பழகுவதே டென்னிஸ். அதற்கு வேண்டியவை ஒரு சுவரும், அரைமணி நேரமும், அந்த அரைமணியைப் பெண்பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கும் மனமுமே.

இதற்குச் சான்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. இராமநாதன் கிருஷ்ணன் 1954-ஆம் ஆண்டு விம்பிள்டனில் சிறுவர் பட்டத்தை வென்றார். 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெரியவர் பிரிவில் அரையிறுதி வரை முன்னேறினார். 1961-இல் கால் இறுதியில் ஆஸ்திரேலியாவின் ராய் எமர்சனை நேர் செட்களில் தோற்கடித்தார். அவருடைய சர்வீசில் இடிமுழக்கம் இல்லை. பந்தை நினைத்த இடத்தில் கொண்டு வைக்கும் மென்மையான கையே அவருடைய படைக்கலம். அந்தக் கையைப் பழக்கியவர் அவருடைய தந்தை டி.கே. இராமநாதன்.

நம் பெண்களுக்கு இன்னும் நெருங்கிய சான்று கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன். 1934-இலேயே லீலா ராவ் என்னும் இந்தியப் பெண்மணி விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்றிருக்கிறார். தொழில்முறை ஆட்டக்காரருக்கும் வாயில் திறக்கப்பட்ட 1968-க்குப் பிறகு, கிராண்ட் ஸ்லாம் முதன்மைச் சுற்றில் ஒற்றையர் ஆட்டம் ஒன்றை வென்ற முதல் இந்தியப் பெண் நிருபமாவே. அது 1998-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியப் போட்டியில் நிகழ்ந்தது. அவருக்கு முதலில் மட்டையைப் பிடித்துக் காட்டியவரும் அவருடைய தந்தையே. அந்தத் தந்தை கிரிக்கெட் ஆடியவர் என்பதை நம் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறேன். அடித்தளம் வீட்டிலும் இடப்படலாம் என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்?

இனி, சுவரிடம் பாடம் கேட்கும் முறையைப் பார்ப்போம். டென்னிஸ் வலையின் நடு உயரம் 91 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். ஏழெட்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். மட்டையை எப்படிப் பிடிப்பது? உள்ளங்கையை நரம்புப் பின்னலின் மேல் தட்டையாக வைத்து, அப்படியே கீழே இறக்கிக் கைப்பிடியைப் பற்றுங்கள். தோழியோடு கைகுலுக்குவது போல் இருக்கும். இறுக்கிப் பிடிக்கக் கூடாது. முழங்கை வலிக்கு அதுவும் ஒரு காரணம்.

பந்து வருமுன் தோளைத் திருப்பி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். ஃபோர்ஹேண்ட் அடிக்கும்போது பந்து உடலுக்குச் சற்று முன்னே, இடுப்பு உயரத்தில் மட்டையைச் சந்திக்க வேண்டும். மட்டை கீழிருந்து மேலாகச் சென்று, மறுதோளின் மேல் வந்து முடிய வேண்டும். கீழிருந்து மேலாகப் போனால்தான் பந்து முன்னோக்கிச் சுழன்று, வலையைத் தாண்டியதும் தாழ்ந்து களத்துக்குள் விழும். பேக்ஹேண்டுக்குச் சிறுமியர் இரு கைகளையும் பயன்படுத்தலாம். வலக்கைக்காரருக்கு வலக்கை கீழும் இடக்கை மேலும் இருக்கும். மட்டையின் பாரம் இரண்டு கைகளுக்கும் பங்காகும்.

அரைமணியை இப்படிப் பகுத்துக்கொள்ளலாம். முதல் ஐந்து நிமிடம் பந்தில்லாமல் வெறுங்காற்றில் அடித்துப் பழகுதல். அடுத்த பத்து நிமிடம் ஃபோர்ஹேண்ட், பின் பத்து நிமிடம் பேக்ஹேண்ட். கோட்டுக்கு மேல் தொடர்ந்து பத்து முறை அடித்த பிறகே பதினொன்றை நினைக்க வேண்டும். தொடக்கத்தில் பந்து இரண்டு முறை குதித்தாலும் பரவாயில்லை. கடைசி ஐந்து நிமிடம் சர்வீசுக்காகப் பந்தை மேலே போடும் பயிற்சி. இடக்காலுக்குச் சற்று முன்னே மட்டையைத் தரையில் கிடத்துங்கள். மேலே போட்ட பந்து அந்த மட்டையின் மேலேயே வந்து விழ வேண்டும். பந்து ஒழுங்காக மேலே போகாதவரை சர்வீஸ் ஒழுங்காக வராது.

சுவர் பொய் சொல்லாது. கோணலாக அடித்தால் பந்து கோணலாகவே திரும்பும். ஆனால் தோள் திரும்பியதா என்பதைச் சுவரால் சொல்ல முடியாது. அதற்கு உடற்பயிற்சி ஆசிரியையின் கண் வேண்டும். வீட்டில் அப்பாவோ அம்மாவோ செல்பேசியில் படமெடுத்து, மெதுவாக ஓட்டிக் காட்டினாலும் குறை தெரிந்துவிடும்.

பத்து வயதுக்கு உட்பட்டோர் பெரியவர் பந்தையும் பாரமான மட்டையையும் எடுக்க வேண்டாம். அவ்வயதினர் போட்டிகளில் வேகம் குறைந்த பந்துகளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2012 முதல் உலக டென்னிஸ் விதி. உயரத்துக்கு மீறிக் குதிக்கும் பந்தைத் துரத்தும் குழந்தை, அடியைப் பழகாது, தப்பிக்கவே பழகும்.

கெலவரப்பள்ளி அணையைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்கு இந்த உண்மை புதிதன்று. நம் பெற்றோரில் பலர் ஓசூர்த் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்கள். கைக்கடிகாரமும் மோட்டார் சைக்கிளும் லாரியும் உருவாகும் ஊர் இது. புதிதாக வந்த தொழிலாளியிடம் முதல் நாளே வேகத்தை யாரும் கேட்பதில்லை. முதலில் அளவு சரியாக வரவேண்டும். வேகம் தானாகவே வரும். லேத் எந்திரத்துக்கு உள்ள நியாயம் மட்டைக்கும் உண்டு.

ஆயினும் எட்டாம் வகுப்பைத் தாண்டியதும் எத்தனை மாணவியர் களத்தைவிட்டு மறைந்து விடுகின்றனர்! வெயிலில் கறுத்துப் போவாள், பத்தாம் வகுப்புத் தேர்வு வருகிறது, பெண்ணுக்கு எதற்கு இதெல்லாம் என்னும் பேச்சுகள் மட்டையைப் பறித்துவிடுகின்றன. ஆண்பிள்ளைக்குத் தெருவே மைதானம்; அவன் பள்ளிவிட்டு வந்தும் இருட்டும்வரை ஆடுவான். பெண்பிள்ளைக்குப் பள்ளி வளாகம் ஒன்றே பாதுகாப்பான மைதானம். அதன் கதவு நாலரை மணிக்கே மூடப்படுமானால் அவளுக்கு வேறு இடமேது? எல்லை தாண்டி அத்திப்பள்ளி வழியே பெங்களூருக்கு அனுப்பிப் பயில வைக்க எத்தனை பேருக்கு இயலும்?

ஆகவே அருட்சகோதரியர்க்குப் பணிவான வேண்டுகோள் ஒன்று: ஒரு சுவரையும், வாரத்தில் மூன்று மாலைகளில் அரைமணியையும் எங்கள் பிள்ளைகளுக்குத் தாருங்கள். ஆண்டு விழாவுக்கு முந்தைய இரண்டு வாரப் பயிற்சி எந்த அடியையும் உருவாக்காது. பெற்றோரே, அந்த அரைமணி படிப்பைக் கெடுக்காது. பிழையைத் தானே கண்டு தானே திருத்தப் பழகியவள், கணக்குப் புத்தகத்தின் முன்னும் அதையே செய்வாள்.

மாணவச் செல்வங்களே, எல்லோரும் விம்பிள்டன் போக வேண்டியதில்லை. ஆனால் இன்று பத்து, அடுத்த வாரம் இருபது என்று எண்ணிக் கொண்டே போங்கள். அம்மி நிச்சயம் நகரும்!