கிழங்குக்கு இல்லாத சாதி பானைக்கு எங்கிருந்து வந்தது?

இட ஒதுக்கீடு பற்றி நாங்கள் வாய் திறந்தாலே ஓர் இலவச ஆலோசனை வந்துவிடுகிறது. "அரசு வேலையையே ஏன் நம்பி இருக்கிறீர்கள்? மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தள்ளுவண்டியில் வைத்து விற்றால் பிழைக்க முடியாதா?"

சரி, பேசுவோம். கிழங்கு வியாபாரத்துக்குப் பெரிய முதல் வேண்டாம் என்பது உண்மைதான். ஓர் அண்டா, அடுப்பு, தராசு, உப்பு, மஞ்சள்தூள், வாடகைக்கு ஒரு வண்டி. தொழிலும் எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோலோடு உள்பட்டையையும் உரித்து, மூடாத பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். கசக்கிற கிழங்கை விற்கக் கூடாது. பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு கறுத்துவிடும். அவித்ததோ அன்று இரவுக்குள் விற்றாக வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த எங்களுக்குப் புரியாதது ஒன்றுதான். நாங்கள் பிடுங்கி, நாங்கள் மூட்டை கட்டி, நாங்கள் லாரியில் ஏற்றிய கிழங்கை வாங்கிப்போய் ஊர்க்காரர் தன் வீட்டில் அவித்துத் தின்கிறார். தீட்டில்லை. அதே கிழங்கை எங்கள் தண்ணீரில் எங்கள் அண்டாவில் அவித்துக் கொடுத்தால் தீட்டு. பச்சையாக இருந்தபோது ஒட்டாத சாதி, வெந்தவுடன் எப்படி ஒட்டிக்கொள்கிறது? கூலிக்கு எங்கள் கை வேண்டும்; கல்லாவில் அந்தக் கை இருக்கக் கூடாது. இதற்குப் பெயர்தான் தீட்டு.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்பவர்கள் கவனிக்கவும். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணைச் சமைக்கவிடாமல் சாதி இந்துக்கள் தடுத்தார்கள். அதிகாரம் தடுத்தவர்களை விட்டுவிட்டு அவரை இடமாற்றம் செய்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே உத்தரவு ரத்தானது. 2023இல் கரூர் மாவட்டம் வேலன்செட்டியூர்ப் பள்ளியில், தலித் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்றார்கள் பெற்றோர்கள். அரசுப் பள்ளி, அரசுப் பொருள், அரசுத் திட்டம். அதற்கே இந்தக் கதி என்றால், சொந்த அண்டாவோடு ஊர் முக்கில் நிற்கிற எங்கள் அக்காவுக்கு என்ன கதி?

உடனே அடுத்த ஆலோசனை: "டவுனுக்குப் போங்கள், அங்கே யார் சாதி கேட்கிறார்கள்?" ஊரை விட்டு ஓடி, சேரியின் பெயரை மறைத்தால்தான் விற்க முடியும் என்றால் அது வியாபாரமா, தலைமறைவு வாழ்க்கையா?

டவுனில் மட்டும் இடம் சும்மா கிடைக்கிறதா? சாலையோர வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள், பட்டியல் சாதியினருக்கு உரிய பிரதிநிதித்துவம் என்றும் சொல்கிறது. 'உரிய' என்றால் எத்தனை பேர்? சட்டம் எண் சொல்லவில்லை. 2020இல் வந்த பிரதமரின் ஸ்வநிதி கடன், முதல் தவணை 10,000 ரூபாய் என்று தொடங்கியது. அதற்கும் சான்றிதழோ, அடையாள அட்டையோ, பரிந்துரைக் கடிதமோ வேண்டும். ஏற்கெனவே இடம் பிடித்தவருக்குக் காகிதம்; காகிதம் உள்ளவருக்குக் கடன். நிற்கவே விடாதவருக்கு?

அண்டாவைத் தூக்கி லாரியில் போட்டால், அபராதம் கட்டி அண்டாவை மீட்கலாம். கிழங்கை மீட்க முடியாது. அன்றைய முதலும் போச்சு, மறுநாள் அடுப்பும் எரியாது.

ஆகவே நாங்கள் கேட்பது ஆலோசனை அல்ல, இடம். விற்பனைக் குழுவில் பட்டியல் சாதி வியாபாரிகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு நகராட்சியும் பலகையில் எழுதி வைக்கட்டும். பேருந்து நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் இடம் ஒதுக்கும்போது எங்கள் பெண்களுக்குப் பங்கு வேண்டும். 2014 சட்டம் நகரத்தோடு நின்றுவிட்டது; சாதி கெட்டியாக இருக்கிற கிராமத்துக்கும் அந்தப் பாதுகாப்பு வர வேண்டும். எங்களிடம் வாங்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போடுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். காவல்துறை சமாதானம் பேசாமல் வழக்குப் பதியட்டும்.

எங்கள் மக்களுக்கும் ஒன்று சொல்கிறோம். அடுப்பை அணைக்காதீர்கள், பெயரை மறைக்காதீர்கள். 1927இல் மகாட் குளத்தில் பாபாசாகேப் தண்ணீரை அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டுமல்ல, உரிமைக்காக. தெருவில் நின்று விற்பதும் அதே உரிமைதான்.

ஆலோசனை சொன்ன அன்பர்களே, சாயங்காலம் எங்கள் வண்டிக்கு வாருங்கள். எந்தத் தெரு என்று கேட்டுத் தெரிந்துகொண்டே ஒரு கூறு கிழங்கு வாங்குங்கள். பொட்டலமாக வீட்டுக்கு வேண்டாம். நின்று, நாலு பேர் பார்க்கத் தின்னுங்கள். பிறகு சுயதொழில் பற்றிப் பேசலாம்.

ஜெய்பீம்!