கைதட்டினால் அடுப்பு எரியுமா?



திருவிழா என்றதும் முதலில் நம் நினைவுக்கு வருவது என்ன? மேளச் சத்தம்தானே! நாதசுரம், தவில், நையாண்டி மேளம், பறை என்று எது ஒலித்தாலும் நம் கால் தானாக ஆடும். ஆனால் விழா முடிந்து கணக்குப் பார்க்கும்போது என்ன நடக்கிறது? பந்தல்காரர், சீரியல் செட்காரர், ஜெனரேட்டர்காரர் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசியில்தான் மேளக்காரரைக் கூப்பிடுகிறோம். "ஊர்க்காசுண்ணே, கொஞ்சம் கொறச்சு வாங்கிக்கங்க" என்கிறோம். ஜெனரேட்டர்காரரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். லைட்டை அணைத்துவிட்டுப் போயே போய்விடுவார்!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். என் தாய்மாமா தவில் வாசிப்பவர். நான் இந்தக் கல்லூரியில் சேர்ந்தபோது ஃபீஸ் கட்டியது அந்தத் தவில் சம்பாத்தியம்தான். ஒரு கோயில் விழாவுக்கு இரவு 7 மணிக்குச் சாமி புறப்பாடு என்று பேசி மாமா செட்டை அழைத்தார்கள். புறப்பட்டதோ 11 மணி. நிலைக்கு வந்தபோது விடிந்துவிட்டது. பேசிய தொகையில் பாதியைக் கொடுத்து, ஒரு சால்வையும் போர்த்தி, "மீதிய அடுத்த வருஷம் சேத்து வாங்கிக்கய்யா" என்றார்கள். சண்டை போட்டால் அடுத்த வருஷம் அந்த ஊர் வாசிப்பு போய்விடும். மாமா வாயைத் திறக்கவில்லை.

சிவில் படிக்கும் நாங்கள் ஒரு சுவருக்கே செங்கல், மணல், சிமெண்ட், கொத்தனார், சித்தாள் என்று தனித்தனியாக எஸ்டிமேட் போடுகிறோம். மேளத்துக்கும் போட்டுப் பார்ப்போமே! சீவாளி தேயும், மாற்ற வேண்டும். தவிலுக்குத் தோல் மாற்ற வேண்டும், வார் பிடிக்க வேண்டும். வண்டி வாடகை உண்டு. வருகிற தொகையை நாதசுரம், தவில், தாளம், சுருதி என்று செட்டில் உள்ள எல்லாரும் பங்கு போட வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. முகூர்த்த மாதங்களில் கிடைப்பதை வைத்துத்தான் அந்த நாட்களையும் ஓட்ட வேண்டும். சிறு வயதிலிருந்து சாதகம் செய்த உழைப்பை எந்த ஐட்டத்தில் எழுதுவது?

"கலை தெய்வீகமானது, அதற்குப் போய் காசு பேசலாமா?" என்பார் சிலர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) நாதசுரச் சக்கரவர்த்தி என்று புகழப்பட்டவர். கலைஞனுக்குரிய மரியாதையைக் கேட்டு வாங்கியவர். அவர் கேட்டால் கம்பீரம், நம்ம ஊர் மேளக்காரர் கேட்டால் மட்டும் திமிரா? பறை அடிப்பவர்களின் நிலைமை இன்னும் மோசம். அதைத் தொழிலாகப் பார்க்காமல் சாதிக் கடமையாகவே பார்த்த ஊர்கள் எத்தனை! அங்கே கூலி கேட்பதே குற்றமாக இருந்தது.

1948-லேயே குறைந்தபட்ச ஊதியச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2007-ல் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் அமைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் வாரியம் தருவது உதவி. ஒரு ராத்திரி வாசிப்புக்கு உரிய கூலியைக் கொடுக்க வேண்டியவர்கள், அழைக்கிற நாம்தான்.

நண்பர்களே, இதை நம் கல்லூரி விழாவிலிருந்தே தொடங்கலாம். மாணவர் பேரவைக்கு என் வேண்டுகோள் இதுதான்:

1. மேளக்காரரோ மெல்லிசைக் குழுவோ யாராக இருந்தாலும், தொகையையும் நேரத்தையும் தாளில் எழுதி, வெற்றிலை பாக்கோடு பாதிப் பணத்தை முன்னதாகக் கொடுப்போம்.

2. பேசிய நேரத்துக்கு மேல் வாசித்தால் அதற்குத் தனியாகக் கொடுப்போம்.

3. மீதியை அவர்கள் கருவியை உறையில் போடுவதற்கு முன் கையில் கொடுப்போம்.

நாளைக்கு நம்மில் பலர் ஊரில் விழாக் கமிட்டியில் உட்காரப் போகிறோம். வேலைக்குப் போனால் ஓவர்டைம் கேட்கப் போகிறோம். நமக்கொரு நியாயம், மேளக்காரருக்கொரு நியாயமா? கைதட்டுவோம், சால்வையும் போடுவோம். அதற்கு முன்னால் கூலியைக் கொடுப்போம்!

– இறுதியாண்டு மாணவன், சிவில் துறை