எல்லைப்புறம் ஒதுக்குப்புறம் அல்ல

கேரளத்தில் இடுக்கியின் கிழக்குச் சரிவும் பாலக்காட்டின் சித்தூர், முதலமடைப் பக்கமும் ஏன் பின்தங்கிக் கிடக்கின்றன என்று யாரைக் கேட்டாலும் தூரம்தான் காரணம் என்பார்கள். மலையோரம், காட்டோரம், மாநிலத்தின் கடைசி மூலை. அங்கே எதுவும் போய்ச் சேர நாளாகத்தான் செய்யும். திருவனந்தபுரத்தில் திட்டம் தீட்டுபவர்கள் இதைச் சொல்கிறார்கள், சென்னையில் உட்கார்ந்து எல்லைத் தமிழருக்காக வருந்துபவர்கள் சொல்கிறார்கள், அந்த மண்ணிலேயே பிறந்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பொய். அந்தப் பகுதிக்கு நடந்திருக்கும் தீங்கில் பெரும்பங்கு இதன் நிழலில்தான் நடந்திருக்கிறது.

எங்கிருந்து தூரம் என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை. திருவனந்தபுரத்திலிருந்து இடுக்கியின் வண்டன்மேடு தூரம்தான். மலைக்குக் கீழே தமிழ்நாட்டிலிருக்கும் கம்பத்திலிருந்து தூரம் இல்லை.

மூணாறுத் தேயிலை பழைய நாளில் எந்த வழியாகக் கடலுக்குப் போனது என்று பார்த்தாலே இது விளங்கிவிடும். குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-இல் அது சிறு ரயில்பாதையானது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வரை வந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறின. 1924 பெருவெள்ளம் அந்த ரயில்பாதையைக் கொண்டுபோயிற்று. போடிக்கு ரயில் வந்தது 1928-இல். அகலப்பாதை வேலைக்காக 2010-இல் நிறுத்தப்பட்ட அந்தத் தடத்தில் 2023 ஜூனில் போடி வரை மறுபடி வண்டி ஓடத் தொடங்கியது. இடுக்கி மாவட்டத்துக்குள் இன்றுவரை ஒரு ரயில் நிலையம்கூடக் கிடையாது. பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் இருப்பவருக்குப் பக்கத்து ஸ்டேஷன் போடிதான். ஆனால் இடுக்கியின் போக்குவரத்தைப் பற்றிப் பேசும்போது போடி பேச்சிலேயே வராது. ‘ரயில் இல்லாத மாவட்டம்’ என்ற வரியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கேரள மக்களில் 47.7 சதவீதம் பேர் நகரவாசிகள். இடுக்கியில் அது 4.7 சதவீதம்தான். அந்தக் கணக்கெடுப்பின்போது மாவட்டத்தில் இருந்த ஒரே நகராட்சி தொடுபுழை. கட்டப்பனை 2015-இல் சேர்ந்தது. மலையிறங்கினால் தேனி மாவட்டம். அங்கே மக்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள். போடி, கம்பம், கூடலூர், சின்னமனூர், பெரியகுளம், தேனி என்று ஆறு நகராட்சிகள். இரண்டு மாவட்டத்தையும் தனித்தனித் தாளில் எழுதினால் ஒன்று நகரமே இல்லாத காடு, மற்றது வெறும் பள்ளத்தாக்கு. ஒரே தாளில் எழுதினால் உண்மை தெரியும்: மலைக்குத் தேவையான நகரங்கள் அடிவாரத்தில் இருக்கின்றன, நடுவே மாநில எல்லை போகிறது. ஏலக்காய் விளைவது உடும்பன்சோலையில். ஏலம் விடுவது புற்றடியிலும் போடியிலும். தரம் பிரித்துச் சலித்து மூட்டை கட்டி வடக்கே அனுப்பும் வியாபாரிகளில் பலர் போடிக்காரர்கள். மறையூர்க்காரர் சந்தைக்கு உடுமலைப்பேட்டையைப் பார்க்கிறார்.

பாலக்காட்டுப் பக்கம் இது இன்னும் பச்சையாகத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் அந்தக் கணவாயில் பாலக்காட்டுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான் இருக்கும். படிப்புக்கும் மருத்துவத்துக்கும் துணி எடுப்பதற்கும் எல்லையிலுள்ள வாளையாரைத் தாண்டுவது அங்கே யாருக்கும் பெரிய சேதி இல்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பாலக்காடு தொழில்நகரம் புதுசேரிப் பகுதியில் 1,710 ஏக்கரில், 3,806 கோடி ரூபாய்ச் செலவில் வரவிருக்கிறது. கொச்சி–பெங்களூரு தொழில் வழித்தடம் அந்தக் கணவாய் வழியே கோவையைத் தொட்டுப் போவதால்தான் அந்த இடத்துக்கு மதிப்பு. சரக்கு என்று வந்தால் இரண்டு மாநிலமும் ஒரே நிலப்பரப்பு என்பதை அரசு அறிந்தே வைத்திருக்கிறது.

மனிதர் என்று வரும்போதுதான் அந்த அறிவு காணாமல் போகிறது. பறம்பிக்குளத்தைப் பாருங்கள். அது கேரளத்தின் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. அங்குள்ள ஆதிவாசிக் குடியிருப்புகள் பலவற்றிலிருந்து பஞ்சாயத்து ஆபீசுக்கு வர வேண்டுமென்றால் டாப்ஸ்லிப், சேத்துமடை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றித்தான் வர வேண்டும். அங்குள்ள அணைகளைப் பராமரிப்பதோ தமிழ்நாடு. பறம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாயிற்று. மணக்கடவில் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று தண்ணீருக்குத் தசமப் புள்ளி வரை கணக்கு எழுதிக்கொண்டார்கள். தண்ணீரை அவ்வளவு நுட்பமாக அளக்கத் தெரிந்த இரண்டு அரசுகளுக்கு, எல்லையைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிற மனிதரை எண்ணத் தெரியவில்லை.

அந்த மனிதர்கள் பெரும்பாலும் பெண்கள். தேவாரம், கோம்பை, கம்பம், உத்தமபாளையம், போடிப் பக்கத்து ஊர்களில் விடியுமுன்னே எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறிப்போகும் ஜீப்புகளில் நெருக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். ஏலத்தோட்டத்தில் களையெடுத்து, காயெடுத்து, இருட்டும் நேரம் வீடு திரும்புகிறார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய ஜீப் கொண்டையூசி வளைவில் உருள்வதும், அதன்பின் சில நாள் போலீஸ் சோதனை நடப்பதும், மறுபடி பழையபடி ஓடுவதும் அங்கே வழக்கமாகிவிட்டன. எல்லை தாண்ட வைப்பது கூலி வித்தியாசம். ரிசர்வ் வங்கியின் கணக்குப்படி 2022–23-இல் கேரளத்தில் ஆண்களின் விவசாயக் கூலி சராசரியாக நாளுக்கு 764 ரூபாய். நாட்டுச் சராசரி 346. தோட்டத்தில் அவர்கள் கைக்கு வருவது இந்த 764 இல்லை. ஆனாலும் அடிவாரத்துக் கூலியைவிட மேல்.

இவர்கள் உழைப்பு எந்தக் கணக்கில் சேர்கிறது? விளைந்த ஏலக்காய் இடுக்கியின் உற்பத்தியில் சேர்கிறது. அந்த உற்பத்தியை இடுக்கியில் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்து ‘தனிநபர் வருமானம்’ என்று அச்சிடுகிறார்கள். காய் எடுத்த பெண் வகுக்கும் எண்ணில் இல்லை. அவள் தேனியில் குடியிருக்கிறாள். மேலே அவள் உழைப்பு இருக்கிறது, கீழே அவள் ஆள் இல்லை. அதனால் இடுக்கியின் சராசரி ஏறுகிறது. தேனியின் கணக்கிலோ அவளும் அவள் பிள்ளைகளும் தலைகளாக மட்டும் வருகிறார்கள். அவள் விளைவித்தது வருவதில்லை, அதனால் அங்கே சராசரி இறங்குகிறது. இந்த இரண்டு எண்களையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு இந்த மாவட்டம் முன்னேறியது, அந்த மாவட்டம் பின்தங்கியது என்று ஆராய்ச்சி எழுதினால் அதில் என்ன உண்மை மிஞ்சும்? அவள் பிள்ளையின் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் தமிழ்நாடு செலவழிக்கிறது, அவள் உழைப்பின் விளைச்சலைக் கேரளம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது, மலைப்பாதையில் அவள் உயிருக்கு இருவரும் பொறுப்பேற்பதில்லை. மாவட்டக் கணக்கை மாவட்ட எல்லையோடு முடித்துக்கொள்ளும் பழக்கம் தொடரும்வரை, எவ்வளவு நேர்மையான ஆய்வாளராலும் இவளைக் காண முடியாது.

2020 ஊரடங்கு இதையெல்லாம் வெளிச்சம் போட்டுக் காட்டியது. மூன்று ஆண்டுக்கு முன்பே, 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, வாளையாரில் மைல் கணக்கில் லாரிகளை நிறுத்திவைத்த வணிகவரிச் சோதனைச்சாவடி எடுக்கப்பட்டுவிட்டது. ஊரடங்கிலும் சரக்கு லாரிகள் எல்லை தாண்டிப் போய்வந்தன. தேனிப் பெண்கள் தாண்ட முடியவில்லை. தோட்டங்களில் ஆளில்லை என்று முதலாளிகள் முறையிட்டார்கள், அடிவாரத்தில் அடுப்பெரியவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் ஒரு கிலோ ஏலக்காய் ஏலத்தில் 7,000 ரூபாயைத் தொட்டிருந்தது. ‘வெளிமாநிலத் தொழிலாளர்’ என்ற வகைக்குள்ளும் இவர்கள் சரியாக அடங்கவில்லை. அப்போது நடைமுறையில் இருந்த 1979-ஆம் ஆண்டின் புலம்பெயர் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் ஊரைவிட்டுப் போய் வேற்று மாநிலத்தில் தங்கி வேலை செய்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ராத்திரி தன் வீட்டில் படுத்து, பகலில் வேறு மாநிலத்தில் உழைப்பவளுக்கு அந்தச் சட்டத்தில் உருவமே கிடைக்கவில்லை.

தூரம் என்ற சாக்கு, மலைமேலேயே குடியிருப்பவருக்கும் இதே கேட்டைத்தான் செய்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறுத் தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தெருவில் உட்கார்ந்தார்கள். போனசை 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்ததுதான் பொறி. அப்போது அவர்கள் நாள்கூலி 232 ரூபாய். நூறாண்டுக்கு மேலாக உலகச் சந்தையோடு ஒட்டி நிற்கும் ஒரு தொழிலின் கூலி அது. அதற்குத் தூரம் எப்படிக் காரணமாகும்? ஐந்து ஆண்டுக்குப் பின், 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது உயிர் போயிற்று. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்துகிடந்ததால் வெளியுலகுக்குச் சேதி எட்டவே மறுநாள் காலையாயிற்று. இறந்தவர்களில் பலருக்குக் கயத்தாறுப் பக்கம் பூர்விகம். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லை, வேலை போனால் லயமும் போகும். இயற்கைச் சீற்றம், எட்டாத மலை என்று சொல்லி இதைக் கடந்துபோகிறவர்கள், அந்த மலையிலிருந்து தேயிலை ஒருநாளும் எட்டாமல் போனதில்லை என்பதை யோசிக்க வேண்டும்.

தூரத்தை நோயாக எடுத்துக்கொள்பவர்கள் இரண்டு மருந்து சொல்வார்கள். ஒன்று, தொழிற்சாலை ஒன்றைக் கொண்டுவந்து வைப்பது. சித்தூர் தாலுகாவில் எல்லைக்கு அருகே பிளாச்சிமடையில் 2000-இல் கொக்கோ கோலா ஆலை அப்படித்தான் வந்தது. கிணறுகள் கெட்டன. 2002 ஏப்ரலில் ஆதிவாசிகள் ஆலை வாசலில் போராட்டம் தொடங்கினார்கள். எரவாளர் சமூகத்து மயிலம்மா அதன் முகமானார். பெருமாட்டிப் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மாநில அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் 216 கோடி ரூபாய் இழப்பு என மதிப்பிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதா குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறவேயில்லை. ‘பின்தங்கிய பகுதிக்கு வேலைவாய்ப்பு’ என்ற சொல்லுக்கு அந்த மக்கள் கொடுத்த விலை இது.

இன்னொரு மருந்து தமிழர் மேடைகளுக்குப் பழக்கமானது: 1956-இல் தேவிகுளமும் பீருமேடும் தமிழகத்தோடு சேர்ந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது. அந்தக் கோரிக்கைக்காகப் போராடியவர்களின் தியாகத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கோடு மேற்கே நகர்ந்திருந்தால் கட்டப்பனைக்கும் அடிமாலிக்கும் இதே கதை நடந்திருக்கும். வேலையும் சந்தையும் மலைக்கு இரு பக்கமும் பரவிக் கிடக்கும்போது, கோடு எங்கே விழுந்தாலும் அதன் மேல் உள்ளவர்கள் கணக்கில் விட்டுப்போவார்கள். குறை, கோட்டின் இடத்தில் இல்லை. கோட்டோடு அரசின் கண் நின்றுவிடுவதில் இருக்கிறது.

நிற்காமலும் இருக்கலாம். லக்சம்பர்க்கில் ஊழியர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மனியிலும் குடியிருந்து தினமும் எல்லை தாண்டுகிறார்கள். அவர்களைத் தனியாக எண்ணுகிறார்கள். எந்த நாட்டுச் சமூகக் காப்பு யாருக்கு என்று ஐரோப்பிய விதிமுறை வகுத்திருக்கிறது. அந்த நாட்டின் தனிநபர் வருமானம் ஏன் அவ்வளவு உயரமாகத் தெரிகிறது என்பதையும் பொருளாதார வல்லுநர்கள் இதை வைத்தே விளக்குகிறார்கள். அத்தனை தூரம் போகவும் வேண்டாம். டெல்லியைச் சுற்றி ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் பகுதிகளைச் சேர்த்துத் திட்டமிட 1985-இலேயே நாடாளுமன்றம் சட்டமியற்றி ஒரு வாரியத்தை அமைத்தது. தலைநகருக்கு முடிந்தது கோவை–பாலக்காட்டுக்கும் தேனி–இடுக்கிக்கும் முடியாதா?

சட்டமும் கையில் இருக்கிறது. இந்த எல்லையை வரைந்த அதே 1956 மாநில மறுசீரமைப்புச் சட்டம்தான் மண்டலக் குழுக்களையும் உண்டாக்கியது. பொருளாதாரத் திட்டமிடல், மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கிடையே போக்குவரத்து ஆகியவை அவற்றின் வேலைகள் என்று அதில் எழுதியே இருக்கிறது. தென்மண்டலக் குழுவின் அடுத்த கூட்டத்தில் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து மூன்று தீர்மானம் கொண்டுவரட்டும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு, சின்னாறு, வாளையார், கோவிந்தாபுரம் வழியாகத் தினம் வேலைக்குப் போய்வருவோரை இரு மாநிலமும் கூட்டாகக் கணக்கெடுப்பது. அவர்கள் ஏறும் நேரத்துக்கு, அவர்கள் ஏறும் ஊரிலிருந்து, தோட்ட வாசல் வரை அரசுப் பேருந்து விடுவது. வேலையிடத்திலோ வழியிலோ விபத்து நேர்ந்தால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை, செலவு தோட்ட முதலாளியும் கேரள அரசும் பகிர்ந்துகொள்வது.

தமிழ்நாட்டில் குடியிருப்பவருக்குக் கேரளம் ஏன் செலவழிக்க வேண்டும் என்று அங்கே கேட்பார்கள். அவள் எடுத்த ஏலக்காயைத் தன் உற்பத்தியாக எழுதிக்கொள்வதால் செலவழிக்க வேண்டும். நம் ஆளுக்கு வேலை தருவது அவர்கள், நமக்கென்ன என்று இங்கே சொல்வார்கள். அவள் கொண்டுவரும் கூலியில்தான் தேவாரத்துக் கடைத்தெரு நடக்கிறது. இரு பக்கமும் செலவைத் தள்ளிவிட இந்தத் தூரக்கதை உதவுகிறது, அதனால்தான் யாருக்கும் அதைக் கைவிட மனமில்லை.