எங்கே இலை போடுவீர்கள்?

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் அரசு பொதுவிருந்து நடத்துகிறது. பெரம்பலூர், அரியலூரும் விலக்கல்ல. அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், மறுநாள் நாளிதழில் படம் வரும். இலை எடுத்ததும் அவரவர் தெருவுக்கு அவரவர்.

அதனால் பொங்கலுக்கு வீட்டிலேயே விருந்து வைக்கிறோம் என்கிறார்கள் சில தோழர்கள். நல்லது. பெரிய செலவுமில்லை. செட்டிகுளம் சின்ன வெங்காயத்தில் ஒரு குழம்பு, ஆண்டிமடம் முந்திரி போட்ட பாயசம், பத்துப் பேருக்கு இலை. (சமைப்பதும் அம்மா, கடைசியில் சாப்பிடுவதும் அம்மா என்பது தனிக் கணக்கு.) ஆனால் தலித் தோழருக்கு எங்கே இலை போடுவீர்கள்? திண்ணையிலா, கூடத்திலா? பாட்டி வீட்டில் இருக்கும்போதா, ஊருக்குப் போன நாளிலா?

சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததை 1924-25இல் பெரியார் எதிர்த்தார். நூறாண்டு ஆகிவிட்டது.

அழைப்பது எளிது, தோழர். மறுநாள் அவர் தெருவுக்குப் போய், அவர் அம்மா போடும் சோற்றைச் சாப்பிடுங்கள். "வயிறு சரியில்லை" என்று டீயைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு எழுந்த முற்போக்காளர்களைப் பார்த்திருக்கிறோம்.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது, மணவுறவு கலக்க வேண்டும் என்று 1936இலேயே அம்பேத்கர் எழுதினார். பந்தி நடக்கும்போது அதைச் சொல்லிப் பாருங்கள், சித்தப்பா காதில் விழும்படி.