இரண்டு நாள் பத்தியம்



என் சாச்சா ஒருவர், இரத்தப் பரிசோதனை நாள் நெருங்கினால் மட்டும் பத்தியம் காப்பார். இரண்டு நாட்கள் இனிப்பும் நெய்ச்சோறும் அவர் பக்கம் வரா. பரிசோதனையின் முடிவும் அவர் விரும்பியவாறே அமையும். அன்றிரவே வீட்டில் வட்டலப்பம்! இவ்வாறு ஆண்டுகள் பல கழிந்தபின், கண் மருத்துவர் அவருடைய விழித்திரையில் இரத்தக் கசிவைக் கண்டார். "சர்க்கரை சரியாகத்தானே இருந்தது?" என்று திகைத்தார் சாச்சா.

ஏறிய சர்க்கரை இறங்கிவிடும். அது உண்டாக்கிய விளைபொருள் தங்கிவிடும். ரொட்டி சுடுகையில் மேற்புறம் பழுப்பேறுகிறதல்லவா? சர்க்கரையும் புரதமும் வெப்பத்தால் இணைவதே அதற்கு முதன்மைக் காரணம். பிரெஞ்சு வேதியியலார் மையார் 1912இல் விளக்கிய வினை அது. அடுப்பின்றியே அவ்வினை நம் உடலில் மெதுவாக நிகழ்கிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை புரதங்களில் ஒட்டுகிறது. முதலில் பிரியக்கூடியதாயிருக்கும் இணைப்பு, வாரங்கள் செல்லச்செல்லப் பிரிக்கவியலாதபடி இறுகிவிடுகிறது. உயிரணுக்கள் சர்க்கரையை எரிக்கும்போது பிறக்கும் மெத்தில்கிளையாக்சால் என்னும் பொருள், சர்க்கரையினும் பன்மடங்கு விரைவாக இக்கேட்டினைச் செய்கிறது. இரத்தக் குழாய்ச் சுவர் விறைக்கிறது. கண்ணின் வில்லை மங்குகிறது. சிறுநீரகத்தின் நுண்வடிகட்டி தடிக்கிறது. வலி ஏதும் இராது என்பதே இதில் அச்சந்தருவது.

சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினிலும் சர்க்கரை ஒட்டுகிறது. நீரிழிவுள்ளோரிடம் இவ்வகை ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதை ஈரானிய அறிஞர் சாமுவேல் ரஹ்பர் 1968இல் வெளியிட்டார். சிவப்பணுவின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாட்கள். ஆகவே எச்பிஏ1சி என்னும் சோதனை, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்கைக் காட்டிவிடும். இரண்டு நாள் பத்தியம் அதனிடம் செல்லாது. (இரத்தசோகை உள்ளவர்க்கு அளவு மாறித் தோன்றலாம், மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள்.)

வட அமெரிக்காவில் முதல் வகை நீரிழிவுள்ள 1,441 பேரிடம் நடத்தப்பெற்று 1993இல் வெளியான ஆய்வில், சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியோருக்குப் புதிதாக விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. ஆய்வு முடிந்து இரு பிரிவினரின் அளவுகளும் ஏறத்தாழ ஒன்றான பின்னும், முன்னர்க் கட்டுப்பாடாக இருந்தோருக்கு அந்நன்மை பல்லாண்டுகள் நீடித்தது. உடல் நல்ல நாட்களையும் மறப்பதில்லை போலும்.

சாச்சாவை இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்க்கச் சொன்னார் நீரிழிவு மருத்துவர். விரல்கள் ஒட்டவில்லை, மூட்டுகளைச் சுற்றித் தோல் விறைத்து, நடுவே வெளிச்சம் தெரிந்தது. அதுவும் இவ்விளைபொருட்களின் வேலையே என்றார் அவர். அன்றுதான் சாச்சாவுக்கு முதன்முதலாக எச்பிஏ1சி எடுக்கப்பட்டது: 10.2 விழுக்காடு. இப்போது மூன்று மாதத்திற்கொருமுறை எடுக்கிறார். சென்ற முறை 7.4.