நிறுவன மாற்றமும் பகுதிநேரக் கல்வியும்: ‘எதிர்ப்பு’ என்னும் கலைச்சொல்லை முன்வைத்து

மாற்றம் பற்றித் தமிழில் எழுதப்பெறும் கட்டுரைகள் பல நன்னூலின் இறுதி நூற்பாவை நினைவூட்டித் தொடங்குகின்றன. மேலாண்மையியல் சார்ந்து எழுதுவோர்க்கும் அது எளிதில் கைகொடுக்கிறது. ஆனால் அந்நூற்பா மொழி வழக்கைப் பற்றியது. பழையது வழக்கொழிவதற்கும் புதியது வந்து சேர்வதற்கும் பவணந்தியார் காட்டும் காரணம் காலமே. எவருடைய ஆணையும் அன்று. நிறுவனத்தில் நிகழும் மாற்றம் அத்தகையதன்று. அங்கு ஒருவர் முடிவெடுக்கிறார். வேறு பலர் அதற்கேற்பத் தம் வேலையையும் வேலை நேரத்தையும் சில வேளைகளில் ஊரையும் மாற்றிக்கொள்கின்றனர். காலத்தின் மேல் ஏற்றிச் சொல்லப்படும்போது, முடிவெடுத்தவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார்.

இம்மறைவை முதலில் கண்டுகொள்ளக்கூடியவர் பகுதிநேர மாணவர். பகலில் வங்கியிலோ மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ பணியாற்றி, மாலையிலும் வார இறுதியிலும் மேலாண்மையியல் பயில்பவர் அவர். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடன் இணைக்கப்பட்டது. அத்தகைய இணைப்பை எதிர்கொள்ளும் ஒரு கிளையில் பணியாற்றியவாறே பயிலும் எழுத்தர்க்கு, ‘நிறுவன மாற்ற மேலாண்மை’ என்பது பாடநூலின் ஓர் அலகு மட்டுமன்று; மாலை ஐந்து மணிக்கு விட்டுவந்து, மறுநாட் காலை மீண்டும் நுழைய வேண்டிய அறை. முழுநேர மாணவர்க்கு வாய்க்காத ஆய்வுக்களம் இவர்க்குத் தேடாமலே வாய்த்திருக்கிறது. ஆயினும் தேர்வு இவரிடம் கேட்பது கர்ட் லெவினின் மூன்று படிகளையும் ஜான் காட்டர் 1996இல் நூலாக்கிய எட்டுப் படிகளையும் வரிசை பிறழாமல் எழுதுமாறுதான். (லெவின் மறைந்த 1947ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையில் மிகச் சுருக்கமாகவே இடம்பெற்ற ஒரு கருத்து, அவர்க்குப் பின்னரே இன்றைய மூன்று படி வாய்பாடாக உருப்பெற்றது என 2016இல் கம்மிங்ஸ், பிரிட்ஜ்மன், பிரவுன் ஆகியோர் வாதிட்டனர். வாய்பாடு தேர்வுக்கு வசதியானது. அதனால் நிலைத்தது போலும்.)

இத்துறையின் தொடக்ககால ஆய்வுகளுள் ஒன்று உருவான முறை இங்குக் கருதத்தக்கது. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் பல ஆண்டுகள் உழைத்தவர் கென் பாம்ஃபோர்த். பின்னர் இலண்டன் தாவிஸ்டாக் நிறுவனத்தில் பயிற்சி பெற்று, அப்பயிற்சிக் காலத்திலேயே தம் பழைய தொழிற்களத்துக்குத் திரும்பிச் சென்று பார்த்தார். அவரும் எரிக் டிரிஸ்டும் இணைந்து எழுதிய கட்டுரை 1951இல் வெளிவந்தது. இயந்திரம் வருவதற்கு முன்னர்ச் சுரங்கத்தில் இருவரோ சிலரோ சேர்ந்த சிறு குழு, கரியை வெட்டுவதிலிருந்து வெளியேற்றுவது வரை முழுப் பணியையும் தானே பொறுப்பேற்றுச் செய்துவந்தது. நீள்முக முறை வந்தபின் அப்பணி மூன்று பணிமுறைகளாகத் துண்டாடப்பட்டது. ஒரு முறையினர் விட்டுச்சென்ற குறையை அடுத்த முறையினர் சுமந்தனர். ஒருவரை ஒருவர் பழித்தனர். பணிக்கு வாராமை பெருகியது. மேலிருந்து நோக்கியவர்க்குத் தொழிலாளரின் ஒழுங்கின்மையாகத் தோன்றியிருக்கக்கூடியதை, அவ்விருட்டுக்குள் தோளுரசி வேலை செய்தவர் துணையால்தான் பணியமைப்பின் பிழையாகக் காண முடிந்தது. பாம்ஃபோர்த் இன்றைய பொருளில் பகுதிநேர மாணவர் அல்லர். எனினும், களத்தை அறிந்தவர் கற்றபின் அதே களத்துக்குத் திரும்பும்போது உண்டாகும் பார்வைக்கு அவரினும் தெளிவான சான்று இல்லை.

இதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1948இல், லெஸ்டர் காக்கும் ஜான் ஃபிரெஞ்சும் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து ஹார்வுட் ஆடைத் தொழிற்சாலையை ஆராய்ந்து எழுதினர். மாற்றத்துக்கான எதிர்ப்பை வெல்வது எனக் கட்டுரையின் தலைப்பே முடிவைச் சொல்லிவிடுகிறது. காக் அத்தொழிற்சாலையின் பணியாளர் மேலாளர் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். வேலைமுறை மாற்றம் வெறுமனே அறிவிக்கப்பட்ட குழுவில் 40 நாள்களுக்குள் 17 விழுக்காட்டினர் வேலையை விட்டு விலகினர். மாற்றத்தை வகுப்பதில் அனைவரும் பங்கேற்ற குழுக்களில் எவரும் விலகவில்லை. உற்பத்தி அளவுக்கு ஏற்பக் கூலி பெற்றவர்கள் அவர்கள். புதிய வேலைமுறை கைவரும் வரை வருவாய் குறையும் என்று அஞ்சியவர்களின் கணக்கு, மேலாளரின் ஏட்டில் ‘எதிர்ப்பு’ என்று பதிவானது.

தமிழாய்வாளர் தலையிட வேண்டிய இடம் இதுவே. ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தமிழ்ப் பாடங்களில் ‘எதிர்ப்பு’ என்பது ஆளப்படுகிறது. அதே ஆங்கிலச் சொல் இயற்பியலில் ‘மின்தடை’ என்று தமிழாயிற்று. மின்தடையைக் கம்பியின் பிடிவாதம் என எவரும் கொள்வதில்லை. கம்பியின் நீளம், தடிமன், பொருள் ஆகியவற்றைக் கொண்டு அளக்கின்றனர். லெவின் எண்ணியதும் விசைகளின் களத்தைத்தான். அமைப்பு முழுவதற்கும் உரியதாக அவர் கருதியதைப் பின்வந்தோர் தனிமனிதரின் உளக்குறையாகச் சுருக்கினர் என 1999இல் டென்ட், கோல்ட்பர்க் இருவரும் எடுத்துக்காட்டினர். மக்கள் மாற்றத்தை மாற்றம் என்பதற்காகவே மறுப்பதில்லை. ஊதியம், நிலை, வசதி ஆகியவற்றின் இழப்பையே மறுக்கின்றனர் என்பது அவர்தம் வாதம். ‘தடை’ என்று வழங்கியிருந்தால் அது எங்கே இருக்கிறது என்று மாணவர் தேடியிருப்பார். ‘எதிர்ப்பு’ என்றதும் எதிர்ப்பவர் யார் என்று தேடுகிறார். ஒரு கலைச்சொல் ஆய்வின் திசையையே திருப்பிவிடுகிறது.

பணியிடத்துத் தமிழோ இன்னும் நுட்பமானது. தயக்கம், மலைப்பு, முணுமுணுப்பு, மனத்தாங்கல், ஒத்துழையாமை, மறுப்பு ஆகியவை ஒன்றல்ல. புதிய மென்பொருளின் முன் அமர்ந்து மலைத்து நிற்கும் மூத்த ஊழியரையும், ஆட்குறைப்பை அஞ்சி மறுக்கும் தொழிற்சங்கத்தாரையும் ஒரே சொல்லில் அடைப்பது பொருந்தாது. பகுதிநேர மாணவர் தம் சக ஊழியரிடம் பேசுவது தமிழில், கேட்பதும் தமிழில். “அப்ப எங்க வேலை என்ன ஆகும்?” என்ற வினாவை அவர் கேட்டுவருகிறார். திட்ட அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும்போது அவ்வினா எதிர்ப்பின் வகைகளுள் ஒன்றாகி, சதவீதமாகி, விடை வேண்டாத ஒன்றாக மாறிவிடுகிறது.

தமிழில் எழுதினால் எல்லாம் சீராகிவிடும் என்பதும் இல்லை. பணியாற்றிக்கொண்டே பயில்பவர்க்கு நிறுவனமே சில வேளைகளில் கட்டணம் செலுத்துகிறது. திட்ட அறிக்கையில் மேலதிகாரியின் கையொப்பமும் தேவைப்படுகிறது. சக ஊழியரின் அச்சம் நியாயமானது என்று எழுதும் மாணவர், தம் பதவி உயர்வையே பணயம் வைத்து எழுதுகிறார். அவரிடம் மனந்திறந்து பேசியவர்களின் நிலையோ அதனினும் இடர் மிக்கது. கல்விக்கூடம் காப்பளிக்காத வரை மாணவர் எட்டுப் படிகளையே எழுதித் தருவார்; அவரைக் குறை கூறுதல் தகாது. திட்ட அறிக்கையை நிறுவனத்தின் பார்வைக்கு அனுப்பாமல் மதிப்பிடுதல், பணியிடத்தின் பெயரையும் பேசியவர்களின் அடையாளத்தையும் மறைத்தல், நேர்காணலைப் பேசப்பட்ட மொழியிலேயே பதிவுசெய்ய இசைவளித்தல் ஆகிய மூன்றும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. இவற்றுள் முதலாவதே கடினமானது. நிறுவனங்களின் நல்லெண்ணத்தை நம்பி மாணவரைச் சேர்க்கும் துறைகள் அதற்குத் தயங்கும்.

2002இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் போன்ற, பணியிலிருப்போர் மிகுதியாகப் பயிலும் கல்விக்கூடங்கள் இம்முயற்சிக்கு உரிய இடங்கள். மேலாண்மையியல் துறை வடித்துத் தரும் சொற்பட்டியலுக்குத் தமிழாக்கம் தேடித் தருவதோடு தமிழ்த்துறையின் பங்கு முடிந்துவிடுவதில்லை. வட்டார வழக்கையும் தொழில்வழக்கையும் களத்தில் திரட்டும் பயிற்சி தமிழாய்வாளரிடம் உண்டு. உழவர், மீனவர், நெசவாளர் வழக்குகளைத் தொகுத்தவர்கள், கணினி வந்த அலுவலகத்தின் வழக்கையும் இணைக்கப்பட்ட வங்கியின் வழக்கையும் தொகுக்கலாம். பகுதிநேர மாணவர்கள் நாள்தோறும் அவ்வழக்கின் நடுவிலிருந்தே வகுப்புக்கு வருகின்றனர்.