செல்போனில் சாதி தெரியாதாம்

பரமக்குடியில் ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றிருந்தோம். கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, பேசாம எல்லாத்தையும் ஆன்லைன்ல வச்சுட்டா என்ன? பெஞ்சு கிடையாது, கையில கலர் கயிறு கிடையாது. எவனும் வெட்ட வரமாட்டான்ல?"

அவர் நாங்குநேரியை மனதில் வைத்துக் கேட்டார். 2023 ஆகஸ்டில் அங்கே பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதனால் அந்தக் கேள்வியை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. வகுப்பறை நமக்கு எப்போது பத்திரமான இடமாக இருந்தது? அம்பேத்கரே சாக்கு விரித்து உட்கார்ந்து படித்தவர்தானே.

நம் கடற்கரையிலும் ஒரு பெஞ்சுக் கதை உண்டு. 'அக்னிச் சிறகுகள்' நூலில் அப்துல் கலாம் சொல்வது. இராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. புதிதாக வந்த ஆசிரியருக்கு, பூணூல் போட்ட பையன் பக்கத்தில் தொப்பி போட்ட பையன் உட்கார்ந்திருப்பது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார். நண்பன் இராமநாத சாஸ்திரி அழுதான். அவன் அப்பா இலட்சுமண சாஸ்திரி, கோயிலின் தலைமைக் குருக்கள், ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்தார். பள்ளிகளில் நல்லிணக்கத்துக்கு இந்தக் கதையைச் சொல்வார்கள். எங்களுக்கு உறுத்துவது வேறு. கலாமின் அப்பாவுக்குத் தலைமைக் குருக்கள் நண்பர். காலனிப் பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளினால் ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த அநியாயத்தை ஒரு வகுப்பே பார்த்தது. பார்த்ததால்தான் ஒருவன் அழுதான், ஒருவர் கேட்டார்.

ஆன்லைனில் பார்ப்பதற்கு யாருமில்லை. அதை நாம் ஏற்கெனவே அனுபவித்துவிட்டோம். 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் திறந்தது. அந்த மாதங்களில் கடலாடி, சாயல்குடி பக்கம் காலனிகளுக்குள் போனவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஒரு போன். அது அப்பாவோடு கருவேலங்காட்டு மூட்டத்துக்குப் போய்விடும், இல்லை கடலுக்குப் போய்விடும். வகுப்பு காலை பத்து மணிக்கு, போன் வீடு திரும்புவது இரவு ஏழு மணிக்கு. அதற்குள் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். (தனுஷ்கோடிப் பக்கம் போனால் போன் இலங்கை டவரைப் பிடித்து வரவேற்புச் செய்தி அனுப்பும். அதை வைத்துப் பாடம் படிக்க முடியாது.) கல்வித் தொலைக்காட்சிக்கு நெட் வேண்டாம், உண்மைதான். டிவியிடம் "சார், புரியல" என்று சொல்ல முடியுமா? 2021 தொடக்கத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அரசு தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை.

கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், ஆன்லைன் வகுப்பு தொடங்கிய முதல் நாளே, 2020 ஜூன் 1 அன்று, ஒன்பதாம் வகுப்பு தலித் மாணவி ஒருத்தி உயிரை விட்டாள். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை, அப்பா கூலித் தொழிலாளி. 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பிரதேசங்களிலும் எடுத்த கணக்கைப் பாருங்கள்: கிராமத்துத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 4 சதவீதம். மற்ற கிராமத்துப் பிள்ளைகளில் 15. செல்போனுக்குச் சாதி தெரியாது என்பவர்கள் இந்த இரண்டு எண்ணுக்கும் பதில் சொல்லட்டும். பள்ளியை உடனே திறங்கள் என்று அந்தத் தலித், பழங்குடிப் பெற்றோரில் 98 சதவீதம் பேர் கேட்டார்கள். அங்கே நடக்கும் அவமானம் தெரியாமலா கேட்டார்கள்?

சாதிக் கயிறு ஆன்லைனில் இல்லை என்கிறார் தம்பி. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பார்க்கவில்லை போலும்.

ஊரடங்குக்குப் பிறகு வந்த இல்லம் தேடிக் கல்வியில் எங்களுக்கு மதிப்பு உண்டு. 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒரு தன்னார்வலர் பிள்ளைகளைத் தேடித் தெருவுக்கு வந்தார். எந்தச் செயலியும் செய்யாத வேலை அது. ஆனால் நாங்கள் பார்த்த சில கிராமங்களில் காலனிக்கு ஒரு வகுப்பு, ஊருக்கு ஒரு வகுப்பு என்று தனித்தனியாகத்தான் நடந்தது. சேர்ந்து உட்காரும் ஒரே இடம் பள்ளிதான். பள்ளி மூடியிருந்தபோது சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் வீட்டுக்கு வந்தன. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் ஊர்ப் பையன் வரவில்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, பெயரின் அகரவரிசைப்படி மாணவர்களை உட்கார வைப்பது எல்லாம் அதில் இருக்கின்றன. அகரவரிசை சின்ன விஷயமாகத் தெரியலாம். கலாமை எழுப்பிய ஆசிரியருக்கு அன்று அப்படியொரு விதி இருந்திருந்தால் யோசித்துப் பாருங்கள்.

தம்பிக்கு நாங்கள் சொன்னது இதுதான். 2024-இல் மாற்றியமைத்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் உண்டு. நீ படித்த பள்ளியில் அந்த இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் விசாரி. அடுத்த கூட்டத்துக்குப் போ. எட்டாம் வகுப்பில் யார் எந்த பெஞ்சில் உட்கார்கிறார்கள் என்று கேள். பதில் சொல்லத் தயங்கினால், எழுந்து வகுப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வா.